கடன் கொடுக்க ஆளில்லாத இடத்தில் ஒரு கரண்ட் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு விண்கலத்தின் மின்சாரத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. வரவு, செலவு, கையிருப்பு, தேய்மானம், பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று எங்கள் பாடத்தில் வரும் அத்தனையும் அங்கேயும் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை: கடன். இங்கே துண்டு விழுந்தால் பேங்கில் ஓவர்டிராப்ட் கேட்கலாம், மாமாவிடம் கைமாற்று வாங்கலாம். பூமிக்கு மேலே 400 கிலோமீட்டரில் பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அதனால் அங்கே கணக்கை செலவு செய்த பிறகு எழுத முடியாது, செலவு செய்வதற்கு முன்பே எழுதியாக வேண்டும். நாளை காலை 10 மணிக்கு எத்தனை வாட் கிடைக்கும், அதில் யார் யார் எதை ஓட்டலாம், அடுத்த வருஷம் இதே நாளில் எவ்வளவு குறைந்திருக்கும் என்றெல்லாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இப்போது அதைச் செய்வது சாப்ட்வேர். ஒரு காலத்தில் மனிதர்கள் பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு செய்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி வந்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்தில் கணக்கே தேவைப்படவில்லை. 1957 அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் யூனியன் அனுப்பிய ஸ்புட்னிக்கில் வெள்ளி-துத்தநாக பேட்டரி இருந்தது. மூன்று வாரம் 'பீப் பீப்' என்றது, பேட்டரி தீர்ந்தது, அடங்கிவிட்டது. 1958 மார்ச் 17 அன்று போன அமெரிக்காவின் வான்கார்டு-1ல் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். பேட்டரியில் ஓடியது ஜூன் மாதத்தோடு நின்றது. சோலார் செல்லில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. விண்வெளியில் சூரிய மின்சாரம்தான் பிழைக்க வழி என்று எல்லோருக்கும் புரிந்தது அப்போதுதான். ஆனால் வான்கார்டின் ஆறு சோலார் செல் தொகுப்புகள் ஓட்டியது ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டரை மட்டுமே. சொந்த வீடு, ஒரே ஆள், ஒரே பல்ப். பட்ஜெட் போட என்ன இருக்கிறது?

பட்ஜெட் என்றால் என்ன என்பது 1970 ஏப்ரலில் தெரிந்தது.

அப்போலோ 13 கதையை டாம் ஹாங்க்ஸ் நடித்த படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அதில் இருக்கும் கரண்ட் கணக்கை மட்டும். ஏப்ரல் 13ஆம் தேதி இரவு (அமெரிக்க நேரப்படி) சர்வீஸ் மாட்யூலில் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தது. அந்த ஆக்ஸிஜன் மூச்சு விடுவதற்கு மட்டும் இல்லை. ஹைட்ரஜனோடு சேர்ந்து ஃப்யூயல் செல்களில் மின்சாரம் தயாரிப்பதும் அதுதான். ஆக்ஸிஜன் போனால் கரண்ட்டும் போனது. மூன்று பேரும் நிலவில் இறங்குவதற்காகக் கூடவே கொண்டு போன 'அக்வேரியஸ்' என்ற சின்னக் கலத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். அதில் பேட்டரிகள் மட்டும்தான். மொத்தம் 2,181 ஆம்பியர்-மணி.

இதை நம் வீட்டு மொழிக்கு மாற்றிப் பார்த்தேன். அந்தக் கலம் ஓடியது சுமார் 28 வோல்ட்டில். பெருக்கினால் ஏறக்குறைய 60 யூனிட் வருகிறது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதை விடக் குறைவு! அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் நிலவைச் சுற்றிக்கொண்டு பூமி வரைக்கும் வர வேண்டும். ஏறத்தாழ நான்கு நாள்.

என்ன செய்தார்கள்? கம்ப்யூட்டர், ஹீட்டர், விளக்கு என்று ஒன்றொன்றாக அணைத்தார்கள். ஒரு கட்டத்தில் மொத்தக் கலமும் 12 ஆம்பியரில் ஓடியது. கிட்டத்தட்ட நாலைந்து சீலிங் ஃபேன் எடுக்கும் கரண்ட். உள்ளே குளிர் நடுக்கியது. சுவரில் ஈரம் கோர்த்தது.

பெரிய சிக்கல் கடைசியில் இருந்தது. பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழையக் கூடியது, அணைத்து வைத்திருந்த கமாண்ட் மாட்யூல் மட்டும்தான். அதைத் திரும்ப எழுப்ப வேண்டும். அதற்கென்று இருந்தவை தலா 40 ஆம்பியர்-மணி உள்ள மூன்று பேட்டரிகள். நம் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரி இரண்டு சேர்ந்தால் வரும் அளவு. அதிலும் ஒன்றை விபத்து நடந்த சமயத்திலேயே பாதி செலவழித்துவிட்டார்கள். அந்தப் பாதியை அக்வேரியஸின் பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகத் திருப்பி நிரப்பினார்கள். வழக்கமாகக் கரண்ட் போவது கமாண்ட் மாட்யூலிலிருந்து அக்வேரியஸுக்கு. இது நேர் எதிர்த் திசை. அதற்கு வழிமுறை எழுதியவர்களில் முக்கியமானவர் அர்துரோ காம்போஸ் என்ற பொறியாளர். 2022ல் ஆர்டிமிஸ் 1 கலத்தில் நிலவைச் சுற்றி வந்த பொம்மைக்கு அவர் பெயரைத்தான் நாசா வைத்தது. மனிதருக்கு ஐம்பது வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதை பொம்மை வழியாக வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எந்த ஸ்விட்சை எந்த வரிசையில் போடுவது என்ற பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு ஜான் ஆரோன் என்ற இளைஞரிடம் வந்தது. வயது 26. இப்படி ஒரு வழிமுறையை எழுத வழக்கமாக மூன்று மாதம் ஆகும். இவர்களுக்குக் கிடைத்தது மூன்று நாள். ஆரோன் எடுத்த ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலத்தின் நிலையைக் காட்டும் கருவிகளை எல்லாம் கடைசியில் போடலாம் என்றார். அதாவது எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் வசதியே இல்லாமல் மற்றதையெல்லாம் போட வேண்டும். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் செலவுக்குக்கூடப் பணம் இல்லாத நிலைமை. பூமியில் சிமுலேட்டருக்குள் கென் மாட்டிங்லி உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஓட்டிப் பார்த்தார். ஏப்ரல் 17ஆம் தேதி மூவரும் பத்திரமாகக் கடலில் விழுந்தார்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு எண் இருக்கிறது. அக்வேரியஸைக் கழற்றி விட்டபோது அதன் பேட்டரியில் இன்னும் 20 சதவீதம் பாக்கி இருந்தது.

அப்போலோ 13ல் அந்த 20 சதவீதம் ஒரு வெற்றி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முதலாமாண்டில் எங்களுக்கு ஒரு கொள்கை சொல்லித் தருவார்கள்: வரப்போகும் லாபத்தைக் கணக்கில் சேர்க்காதே, வரக்கூடிய நஷ்டத்தை இப்போதே சேர்த்துவிடு. உயிர் போகும் விஷயத்தில் அது சரிதான். ஆனால் வருஷக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு விண்வெளி நிலையத்தில் தினமும் 20 சதவீதம் மிச்சமானால்? அது மிச்சம் இல்லை, வீண். ஓட்டியிருக்கக் கூடிய பரிசோதனை ஓடவில்லை என்று அர்த்தம். கோடிக்கணக்கில் செலவழித்து மேலே கொண்டு போன சோலார் பலகை சும்மா நிற்கிறது என்று அர்த்தம். சரி, அந்த மிச்சத்தைக் குறைப்போம் என்று தைரியமாக இறங்கினால், ஒரு நாள் கணக்குத் தப்பி பேட்டரி காலியாகும். பயந்தாலும் நஷ்டம், துணிந்தாலும் நஷ்டம். கைக்கணக்கு தோற்றுப் போகும் இடம் இதுதான். சாப்ட்வேர் வந்தது இங்கேதான்.

இடையில் 1973ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மே மாதம் ஸ்கைலாப் ஏவப்பட்டபோதே அதன் ஒரு சோலார் இறக்கை பிய்ந்து போனது, இன்னொன்று விரியாமல் மாட்டிக்கொண்டது. ஜூன் 7ஆம் தேதி காண்ராடும் கெர்வினும் வெளியே போய் அதை வெட்டி விடுவிக்கும் வரை நிலையம் அரை வயிற்றோடு இருந்தது. அதே வருஷம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல், டொனால்ட் பெடர்சன் ஆகியோர் 'ஸ்பைஸ்' என்ற சாப்ட்வேரை வெளியிட்டார்கள். மின்சுற்றைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பர்களைக் கேட்டால் அதன் பேரன் பேத்திகளை இன்னமும் லேபில் ஓட்டுவதாகச் சொல்வார்கள்.

அப்படியானால் ஸ்பைஸை வைத்தே நிலையத்தின் கணக்கைப் போட்டிருக்கலாமே? முடியாது. ஒரு ஸ்விட்சைப் போட்டதும் வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் வோல்டேஜ் எப்படித் துள்ளுகிறது என்று பார்ப்பது ஸ்பைஸின் வேலை. நிலையத்துக்கு வேண்டியது 90 நிமிடக் கணக்கு, மாதக் கணக்கு, பதினைந்து வருஷக் கணக்கு. எறும்பைப் பார்க்கும் லென்ஸை வைத்துக்கொண்டு ஊரை அளக்க முடியாதில்லையா.

1984 ஜனவரியில் அதிபர் ரீகன் விண்வெளி நிலையம் கட்டப்போவதாக அறிவித்தார். பிறகு அதற்கு 'ஃப்ரீடம்' என்று பெயர் வைத்தார்கள். மின்சாரப் பொறுப்பு ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் இருந்த நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்துக்குப் போனது (1999ல் அதன் பெயர் கிளென் என்று மாறியது). அங்கே 1980களின் பிற்பகுதியில் எழுத ஆரம்பித்த சாப்ட்வேரின் பெயர் 'ஸ்பேஸ்'. சிஸ்டம் பவர் அனாலிசிஸ் ஃபார் கேபபிலிட்டி எவால்யுவேஷன் என்பதன் சுருக்கம். முதலில் சுருக்கத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு விரிவைத் தேடியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஃப்ரீடம் திட்டமோ ஒரு நிலையில் நிற்கவில்லை. கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து டர்பைன் சுற்றும் யோசனை இருந்தது, கைவிட்டார்கள். அளவைக் குறைத்தார்கள், திரும்பக் குறைத்தார்கள். 1993 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 216க்கு 215 என்று ஒரே ஓட்டில் தப்பித்தது. பிறகு ரஷ்யா சேர்ந்து அது சர்வதேச விண்வெளி நிலையமாக மாறியது. வடிவம் மாறும் ஒவ்வொரு தடவையும் 'இப்போது எவ்வளவு கரண்ட் வரும்?' என்ற கேள்விக்குப் புதுப் பதில் வேண்டும். கையால் போட்டால் ஒரு பதில் வருவதற்குள் அடுத்த வடிவம் வந்துவிடும்.

சரி, இந்தக் கணக்கில் அப்படி என்ன கஷ்டம்?

நிலையம் பூமியை ஒரு தடவை சுற்ற ஒன்றரை மணி நேரம். அதில் 36 நிமிடம் வரை இருட்டு. அதாவது ஒரு நாளைக்கு 16 தடவை பவர் கட்! வெளிச்சம் இருக்கும்போது சோலார் பலகைகள் நிலையத்தையும் ஓட்ட வேண்டும், பேட்டரியையும் நிரப்ப வேண்டும். இருட்டில் பேட்டரி ஓட்ட வேண்டும். முதலில் வைத்திருந்த நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளில் சாதாரண நாட்களில் 35 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வடிவமைத்திருந்தார்கள். அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆறரை வருஷத்தில் ஏறக்குறைய 38,000 தடவை நிரம்பிக் காலியாக வேண்டுமே.

இது சுலபமான பகுதி. வெயில் தினமும் ஒரே மாதிரி விழுவதில்லை. சுற்றுப்பாதைக்கும் சூரியனுக்கும் உள்ள சாய்வு வாரத்துக்கு வாரம் மாறும். சில நாட்கள் இருட்டே வராமல் தொடர்ந்து வெயில் அடிக்கும். ஒரு பலகையின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். எட்டு இறக்கைகளில் மொத்தம் 2,62,400 சோலார் செல்கள் வரிசை வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. வரிசையில் ஒரு பகுதி நிழலில் மாட்டினாலும் அந்த வரிசை முழுக்க அடிபடும். விண்கலம் வந்து ஒட்டும்போது அதன் புகை பலகையில் படாமல் இருக்கப் பலகையைத் திருப்பி வைக்க வேண்டும். அப்போது வரவு குறையும். இறக்கையைத் தாங்கும் கம்பிகளில் ஒன்று மட்டும் நிழலிலும் மற்றவை வெயிலிலும் இருந்தால், சூட்டில் ஒன்று நீண்டு இன்னொன்று சுருங்கிக் கம்பமே வளைந்து போகலாம். எனவே வெயில் நன்றாக விழும் கோணமாக இருந்தாலும் சில கோணங்களுக்குத் தடை. இவை போக, ஒயரில் போகும் நஷ்டம், வருஷா வருஷம் செல்களின் தேய்மானம்.

ஸ்பேஸ் இதையெல்லாம் நிமிஷம் நிமிஷமாகப் போட்டுப் பார்க்கும். அதை இரண்டு விதமாக ஓட்டலாம். முதல் விதம் வரவிலிருந்து தொடங்குவது: பேட்டரி சுற்றின் ஆரம்பத்தில் இருந்த அளவுக்கே முடிவிலும் நிரம்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு, அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் கொடுக்கலாம்? இரண்டாவது விதம் செலவிலிருந்து தொடங்குவது: இன்னின்ன கருவி இந்த இந்த நேரத்தில் ஓடப்போகிறது, பேட்டரி தாங்குமா? மாசச் சம்பளக்காரர் வீட்டில் அப்பா போடும் பட்ஜெட்டும், கல்யாணச் செலவுப் பட்டியலை வைத்துக்கொண்டு அம்மா போடும் பட்ஜெட்டும் மாதிரி. இரண்டும் வேண்டும்.

ஆனால் சாப்ட்வேர் சொன்னால் போதுமா? ஒரு கம்பெனி தன் கணக்கைத் தானே எழுதி 'எல்லாம் சரி' என்றால் யாராவது நம்புவார்களா? ஆடிட்டர் வேண்டும். ஸ்பேஸுக்கு அந்த ஆடிட் ரஷ்யாவின் மிர் நிலையத்தில் நடந்தது. சர்வதேச நிலையத்துக்குப் போகப் போகிற அதே வகைப் பலகைகளை வைத்து அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து சுமார் 6 கிலோவாட் தரும் ஒரு சோலார் இறக்கையைக் கட்டின. 1995 நவம்பரில் ஷட்டில் அதை மிருக்குக் கொண்டு போனது, 1996 மே மாதம் விரித்தார்கள். அதிலிருந்து வந்த நிஜ அளவுகளையும் ஸ்பேஸ் சொன்ன அளவுகளையும் கிளீவ்லாந்து பொறியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நன்றாக ஒத்துப் போனது. சர்வதேச நிலையத்தின் முதல் துண்டு மேலே போவதற்கு இரண்டு வருஷம் முன்பே அதன் மின்சாரக் கணக்குக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

2000 டிசம்பரில் பி6 என்ற முதல் ஜோடி பெரிய இறக்கைகள் விரிந்தன. அவற்றின் தேய்மானத்தை மூன்று வருஷம் அளந்து பார்த்தபோது, எதிர்பார்த்ததை விட மெதுவாகவே தேய்கின்றன என்று தெரிந்தது. கணக்குப் பிழைதான், ஆனால் நல்ல திசையில். சந்தோஷப்பட்டு விட்டுவிடாமல் அந்த எண்ணைக் கணக்கில் ஏற்றிக்கொள்வதுதான் இங்கே முக்கியம். மேலே சொன்னேனே, வீணாகும் மிச்சம், அது இப்படித்தான் குறையும்.

சரியான எண் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், சொத்து ஒரு ஆளுடையது இல்லை. ரஷ்யப் பகுதி தனிக் கணக்கு. மீதி இருப்பதில் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கும் மின்சாரம், ஆட்களின் வேலை நேரம் போன்றவற்றில் நாசாவுக்கு 76.6 சதவீதம், ஜப்பானுக்கு 12.8, ஐரோப்பாவுக்கு 8.3, கனடாவுக்கு 2.3. தசம ஸ்தானம் வரைக்கும் ஒப்பந்தம். கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரிக்கும்போது முதல் சண்டை 'மொத்த லாபம் எவ்வளவு' என்பதில்தான் வரும். அது தீராமல் சதவீதத்தால் பிரயோஜனம் இல்லை.

2007ல் சோதனை வந்தது. இறக்கைகளைச் சூரியகாந்திப் பூ மாதிரி சூரியனை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்க இரண்டு பக்கமும் பெரிய சுழல் மூட்டுகள் இருக்கின்றன. அக்டோபர் 28 அன்று வெளியே போன டான் டானி வலப்பக்க மூட்டின் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இரும்புத் தூள்! மூட்டு தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருந்தது. இஷ்டத்துக்குச் சுற்றுவதை நிறுத்தினார்கள். இரண்டே நாளில், அக்டோபர் 30ல், இடம் மாற்றி விரித்த பி6 இறக்கை ஒன்று கிழிந்தது. நவம்பர் 3ஆம் தேதி ஸ்காட் பாராசின்ஸ்கி நீளமான கம்பத்தின் நுனியில் நின்றுகொண்டு, கரண்ட் பாய்ந்துகொண்டிருந்த பலகையில், கையால் செய்த கொக்கிகளை மாட்டித் தைத்தார். டிவியில் வந்தது இதுதான்.

டிவியில் வராதது: வலப்பக்க மூட்டு நின்றுபோன நிலையில் வரவு என்ன? எந்தக் கோணத்தில் நிறுத்தி வைத்தால் நஷ்டம் குறைவு? ஐரோப்பாவின் கொலம்பஸும் ஜப்பானின் கிபோவும் ஏவுவதற்கு வரிசையில் நின்றன. ஜப்பான்காரர்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். கரண்ட் போதாது என்றால் அவர்களை 'இன்னும் கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல வேண்டும். போதும் என்று சொல்லிப் போதாமல் போனால் அதை விட மோசம். 2008 பிப்ரவரியில் கொலம்பஸ் போனது. மார்ச்சிலும் ஜூனிலும் கிபோவின் பகுதிகள் போயின. மூட்டு அப்போதும் சரியாகவில்லை. நவம்பரில்தான் வீரர்கள் வெளியே போய்த் துடைத்து, பேரிங்குகளை மாற்றி, கிரீஸ் தடவினார்கள். (அந்த வேலையில்தான் கிரீஸ் துப்பாக்கி கசிந்து, துடைக்கும் அவசரத்தில் ஒரு வீராங்கனையின் கருவிப்பை விண்வெளியில் மிதந்து போனது. அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள்.) ஊனமான மூட்டோடு இரண்டு புது ஆய்வகங்களைச் சேர்க்கலாம் என்று சொல்லக் கிடைத்த துணிச்சல் கணக்கிலிருந்து வந்தது. கிழிசலைத் தைத்தவரை நமக்குத் தெரியும், அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கிளீவ்லாந்திலும் ஹூஸ்டனிலும் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகும் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. 2017 முதல் 2021 வரை 48 பழைய பேட்டரிப் பெட்டிகளை எடுத்துவிட்டு 24 லித்தியம்-அயான் பெட்டிகளை வைத்தார்கள். பாதி எண்ணிக்கையில் அதே வேலை. 2021 ஜூனிலிருந்து சுருள் பாய் மாதிரி விரியும் புதுப் பலகைகள் போக ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் 20 கிலோவாட்டுக்கு மேல் தரும். 2023 ஜூன் வரை ஆறு பொருத்தியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பழைய பலகைகளைக் கழற்றவில்லை. புதியவை அவற்றின் முன்னாலேயே கொஞ்சம் சாய்வாக நிற்கின்றன. பாதிப் பழைய பலகை நிழலில், மீதிப் பாதி வெயிலில். இருபது வருஷம் தேய்ந்த செல்லும் நேற்று வந்த செல்லும் ஒரே ஒயரில் கரண்ட் கொட்டுகின்றன. அந்த நிழல் ஒன்றரை மணி நேரத்தில் எப்படி நகரும், ஒவ்வொரு பாதியும் எவ்வளவு தரும் என்பதை யாராவது ஒருவர் நாளைக்கும் போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.